உணவகங்களில் டிப்ஸ்

உணவகங்களில் டிப்ஸ் என்பது, உணவு பரிமாறிய ஊழியருக்கு வாடிக்கையாளர் உணவின் விலைக்கு மேல் விரும்பிக் கொடுக்கும் சிறு தொகையைக் குறிக்கும். இது இனாம் எனவும் அழைக்கப்படுகிறது. உணவகம் தானே பில்லில் சேர்க்கும் சேவைக் கட்டணமும், அரசு விதிக்கும் சரக்கு மற்றும் சேவை வரியும் இதிலிருந்து வேறானவை.

தமிழகத்தில் வழக்கம்

தமிழகத்தில் டிப்ஸுக்கென நிலையான விழுக்காடு கிடையாது. பில் தட்டில் சோம்புடன் வரும் மீதிச் சில்லறையை விட்டுச் செல்வதே பொதுவான முறையாகும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த வட்டாரங்களில், முதலாளியோ அவரது குடும்பத்தினரோ பரிமாறும் சிறு கடைகளில் பொதுவாக டிப்ஸ் கொடுக்கப்படுவதில்லை. சப்ளையர்கள் பணியாற்றும் புரோட்டாக் கடைகளிலும் மெஸ்களிலும் அது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது.

சிக்கல்கள்

* பங்கீடு: டிப்ஸ் சப்ளையரின் கைக்கே செல்கிறது. சமையல் மாஸ்டர், இலை எடுப்பவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோர் வாடிக்கையாளரின் கண்ணில் படாததால் அவர்களுக்குப் பங்கு கிடைப்பது அரிது.
* ஊதியம்: டிப்ஸ் கிடைப்பதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைவாக வைக்க இடமுண்டு. வாடிக்கையாளர் வராத நாளில் இழப்பு ஊழியருடையதாகிறது.
* பாகுபாடு: அதிகம் கொடுப்பவருக்குக் கூடுதல் கவனிப்பும், கொடுக்க இயலாதவருக்குக் குறைந்த கவனிப்பும் ஏற்படலாம்.
* மின்னணுப் பணம்: கைபேசி வழியாகச் சரியான தொகையைச் செலுத்தும்போது மீதிச் சில்லறை எஞ்சுவதில்லை. டிப்ஸையும் கடையின் கணக்கிலேயே செலுத்தினால், அது ஊழியரைச் சேர்வது முதலாளியின் கையில் உள்ளது.

சட்ட நிலை

செய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் நிருவாகம் வழங்கும் ஊதியத்தின் பகுதியன்று என உச்ச நீதிமன்றம் 1976 இல் கூறியது. கடன் அட்டை வழியாகப் பெற்று ஊழியருக்குப் பகிரப்படும் டிப்ஸும் வருமான வரிச் சட்டத்தின்படி சம்பளமாகாது என 2016 இல் ஐ.டி.சி. நிறுவன வழக்கில் அது தீர்ப்பளித்தது. ஆயினும் ஊழியரின் பிற வருமானமாக அது வரிக்கு உட்பட்டதே.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று இதை உறுதி செய்தார். வாடிக்கையாளர் தாமாக டிப்ஸ் கொடுப்பதற்கு இதனால் தடையில்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, நடுவண் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே உள்ளது. பிரித்தானியாவில் டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்கு நேர்மையாகப் பகிரவேண்டும் என்னும் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

இவற்றையும் பார்க்க

* குறைந்தபட்சக் கூலி
* நுகர்வோர் உரிமை
* சேவைக் கட்டணம்