பெற்றோர் என்றால் யார்? பால்வாடியும் தாயின் நேரமும்

திருவண்ணாமலை ரமணாசிரமம் ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்த இடம். ரமணரின் தாய் அழகம்மாள் மகனோடு தங்குவதற்காக 1916இல் இங்கு வந்தார். அதுவரை மலையில் இருந்தவர்கள் ஊருக்குள் போய் வாங்கிவந்த பிச்சையையும், எச்சம்மாள் போன்ற பெண்கள் சமைத்துச் சுமந்துவந்த சோற்றையும் உண்டு வாழ்ந்தார்கள். ஸ்கந்தாசிரமத்தில் அழகம்மாள் அடுப்பு மூட்டிய பிறகுதான் அங்கே அன்றாடச் சமையல் தொடங்கியது. 1922இல் அவர் இறந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்கு ரமணர் இறங்கி வந்தார், ஆசிரமம் உருவானது. 1949இல் அங்கே மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

தாய்க்குக் கோயில் இருக்கும் அதே செங்கம் சாலையில் இன்று காலையில் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். விடுதி அறைகளைத் துடைப்பவர்கள், வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டினருக்கும் சமைப்பவர்கள், பூ கட்டுபவர்கள், கிரிவலப் பாதையில் தட்டுக்கடை போடுபவர்கள். இவர்கள் கையைப் பிடித்து நடக்கும் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் பால்வாடிக்குப் போகிறார்கள். அரசுப் பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்றிருக்கும். அங்கன்வாடி என்பார்கள். மக்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான்.

அந்தப் பால்வாடியில் பெற்றோர் கூட்டம் என்று சொல்லியனுப்பினால் யார் போவார்கள்? ‘பெற்றோர்’ என்ற சொல்லில் அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதோ அம்மா. அவர் வராவிட்டால் பாட்டி. வேலையை விட்டு வர முடியாதவருக்குப் ‘பிள்ளைமேல அக்கறையே இல்லாத பொம்பள’ என்ற பெயர். அப்பா வராததை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

முன்பருவக் கல்வியில் பெற்றோரின் பங்கேற்பு வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் பால்வாடியின் வரலாற்றில் தாய்மார்கள் பங்கேற்காத நாள் ஒன்று இருந்ததா? அவர்களுடைய உழைப்பு எப்போதும் உள்ளே இருந்தது. சொல்லுரிமையும் கூலியும் நேரமும்தான் வெளியே நின்றன.

சுவரில் ஒட்டிய விதிகள்

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அதன் பின்னணியில் வீட்டு உரிமையாளர்களின் கவலை ஒன்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் தனியே விடப்பட்ட பிள்ளைகள் புதுப்பித்த கட்டடத்தின் சுவர்களைப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

அந்த இல்லத்தின் விதிகள் சுவரில் எழுதி மாட்டப்பட்டிருந்தன. தாய் பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியையிடம் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். அழுக்காக வரும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம். விதி முழுவதும் தாய்க்குத்தான். ஆயினும் அதே மாண்டிசோரி, வேலைக்குப் போகும் பெண்ணின் பொறுப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்வதுதான் இந்த இல்லம் என்றும், தாய் எந்நேரமும் உள்ளே வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் பேசினார். தாயைக் கண்காணிக்கும் விதியும் தாய்க்குத் திறந்த கதவும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவர் பெயர் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் பெரும்பாலும் நிலைத்தது. கூலிவேலைக்குப் போகும் தாய்மாருக்காகத் தொடங்கிய ஒன்று என்ற நினைவு மங்கிப்போனது.

முற்றத்துக்குப் போன பள்ளி

‘அங்கன்’ என்றால் முற்றம். தாராபாய் மோதக் என்ற பெண்ணும் அவருடைய சகாவான அனுதாய் வாகும் பால்வாடியை முற்றத்துக்குக் கொண்டுபோன வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் நகரத்துப் பிள்ளைகளின் பாலர் பள்ளியில் பணியாற்றியவர் தாராபாய். 1945இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு மையத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் அங்கே வரவில்லை.

வராதவர்களைக் குறைசொல்லி ஓர் அறிக்கை எழுதியிருக்கலாம். அவர்கள் எழுந்து போனார்கள். பிள்ளைகள் இருக்கும் தெருவிலேயே, வீட்டு முற்றத்திலேயே, கிடைத்த கல்லையும் விதையையும் இலையையும் வைத்துப் பாடம் நடந்தது. வேலை செய்துகொண்டே தாய் அதைப் பார்க்க முடிந்தது. பின்னர் கோஸ்பாட் மலைக்குப் போனபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியில் பள்ளி நடத்தினார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். பெரிய பெண்பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் அவள் இடுப்பில் இருந்தது. தம்பியையோ தங்கையையோ யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? அதனால் கைக்குழந்தைகளுக்கான இடம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அக்காக்கள் படிக்க வந்தார்கள்.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு முன்பருவக் குழந்தைகளைப் பற்றிய தன் அறிக்கையை 1972இல் ஒன்றிய அரசுக்கு அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கியது. அங்கன்வாடி என்ற பெயர் அரசுப் பெயரானது. ஆனால் முற்றத்துக்குப் போன பள்ளி மெல்ல மெல்லத் தாயை வரச்சொல்லி ஆளனுப்பும் அலுவலகமாக மாறியது.

தராசைச் சுற்றி

தமிழ்நாட்டில் தாய்மார்களை அறிவுள்ளவர்களாக நடத்திய ஒரு முயற்சி 1980இல் தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் அது. ஊட்டச்சத்துப் பணியாளராக அந்தந்த ஊர்ப் பெண்ணையே எடுத்தார்கள். ஏழை வீட்டுப் பெண்ணாக, தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்த தாயாக இருந்தால் அவருக்கு முன்னுரிமை. ‘அவளுக்கும் நம்மைப் போலத்தான் வரும்படி, அவள் பிள்ளை எப்படித் தேறியது?’ என்ற கேள்வியிலிருந்து ஊர் கற்றுக்கொள்ளட்டும் என்பது எண்ணம்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். எடை அட்டையில் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று தாய்க்குக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் கோட்டைப் படித்தார். மகளிர் குழுக்கள் எடை போடும் நாளில் கூட நின்று உதவின. திட்டம் நடந்த வட்டாரங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தாய்க்குக் கிடைத்த தகவல். ‘சத்தாகக் கொடும்மா’ என்று உபதேசிப்பது ஒன்று. ‘போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு, என்ன நடந்தது?’ என்று சேர்ந்து யோசிப்பது வேறு. ஆனாலும் அந்த அட்டையில் அப்பாவுக்கு வேலை இல்லை. பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் விடை சொல்ல வேண்டியவள் அம்மாதான் என்ற கணக்கு மாறவில்லை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சி காட்டூரில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உணவு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. பால்வாடி ஊர்தோறும் பரவியது. அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, குறிப்பாகக் கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும், வேலை கிடைத்தது. பல பெண்களுக்குத் தம் பெயரில் கிடைத்த முதல் மாத வருமானம் அது. ஆனால் இன்றும் அங்கன்வாடி ஊழியருக்குக் கொடுப்பதை ஒன்றிய அரசின் திட்டம் ஊதியம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற நினைப்பு அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் கழித்து.

எந்தப் பெற்றோர்?

பெற்றோர் உள்ளே வந்தால் எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். அந்தப் பெண்ணை இடம் மாற்ற ஆணையும் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்தபின்தான் அது திரும்பப் பெறப்பட்டது. அன்று அங்கே நடந்ததும் ஒருவகைப் பெற்றோர் பங்கேற்புதான். பால்வாடியின் அடுப்படி பல ஊர்களில் சாதிகள் அருகருகே வந்தாக வேண்டிய இடம். அங்கே யாருடைய குரல் ஓங்குகிறது என்று கேட்காமல் ‘பெற்றோரை ஈடுபடுத்துவோம்’ என்றால், ஊரில் ஏற்கெனவே ஓங்கிய குரலே பால்வாடியிலும் ஓங்கும்.

சட்டமும் சின்னப் பிள்ளைகளின் பெற்றோரைக் கைவிட்டிருக்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தரும் உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஒரே வளாகம். ஆறாம் வயதில் தாய்க்குச் சட்டம் கொடுக்கும் இருக்கை நான்காம் வயதில் இல்லை.

நேரத்தின் கணக்கு

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியோரையும் கவனிப்பதில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. பெற்றோர் பங்கேற்பு என்ற பெயரில் வாரம் இரண்டு மணி நேரம் கேட்டால், அது யாருடைய நாளிலிருந்து வெட்டி எடுக்கப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பௌர்ணமி இரவு முழுக்கக் கிரிவலப் பாதையில் கடை போட்ட பெண்ணை மறுநாள் காலை பத்து மணிக்கு வரச்சொல்வது அழைப்பாகாது.

வேறு வழி உண்டு என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1945இல் இத்தாலியின் ரெஜியோ எமிலியா அருகே வில்லா செல்லா என்ற ஊரில், போர் விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று ஊர்மக்கள் சிறுபிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். அந்த வட்டாரத்தில் இத்தாலியப் பெண்கள் சங்கம் பல பாலர் பள்ளிகளை நடத்தியது. பெண்களின் தொடர்ந்த போராட்டத்தால் 1963இல் நகராட்சியே முன்பருவப் பள்ளி நடத்தத் தொடங்கியது. 1971இல் நாடு முழுவதுக்கும் வந்த குழந்தைக் காப்பகச் சட்டம், நிர்வாகத்தில் குடும்பங்களின் பங்கை எழுதிவைத்தது. பெண்கள் கேட்டது முடிவெடுக்கும் இடம். நகராட்சி ஏற்றது செலவையும் சம்பளத்தையும்.

திருவண்ணாமலைப் பால்வாடிகளிலும் இதைத் தொடங்க முடியும். கூட்டத்தைத் தாய்மார்கள் சொல்லும் நேரத்தில் வைக்கலாம். மையம் திறந்திருக்கும் நேரமே அவர்கள் வேலை நேரத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் கேட்கலாம். அழைப்பில் அப்பாவின் பெயரையும் எழுதி, வருகையேட்டில் அவர் வந்தாரா என்று குறிக்கலாம். பெருக்கவும் பாத்திரம் கழுவவும் தாயைக் கூப்பிடாமல், கதை சொல்லவும் பல்லாங்குழி ஆடவும் கூப்பிடலாம்; அப்படி வருபவரின் ஒரு நாள் கூலி போகாமல் பார்க்கலாம். எடை அட்டையையும் அரிசி பருப்புக் கணக்கையும் அவர் முன் விரித்துவைக்கலாம். எல்லாச் சாதித் தெருக்களிலிருந்தும் ஆள் இருக்கும் ஒரு குழுவுக்குச் சட்டத்தில் இடம் கேட்கலாம். இவற்றைச் செய்ய வேண்டிய அங்கன்வாடி ஊழியரின் கையிலிருந்து சில பதிவேடுகளை எடுத்துவிட்டு, சம்பளத்தைச் சம்பளம் என்றே கொடுக்க வேண்டும்.

இதில் எதுவும் தாய்மையின் பெருமையைப் பேசாது. அதை நாம் போதுமான அளவு பேசியாகிவிட்டது. தாயின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு, அவள் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு, அப்பாவுக்கும் அதே பால்வாடியில் வேலை உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும். பெற்றோர் என்ற சொல்லுக்கு அப்போதுதான் முழுப் பொருள் வரும்.