நாழி யார் கையில்? - நல்ல உணவின் விலை குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை



நினைவுப் பேருரைகளில் மறைந்தவர்களின் பெருமையைப் பேசி நிறைவு செய்வது வழக்கம். நாம் நினைவுகூரும் முன்னோடிகள் மேடைக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் வீட்டில் சந்தித்த கேள்வி ஒன்று உண்டு: இன்றைக்கு அடுப்பில் என்ன வைப்பது, அதற்குக் காசு எங்கே? அந்தக் கேள்வியைத்தான் இந்த உரையின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று அக்கேள்வி வேறு வடிவில் கேட்கப்படுகிறது. சத்தான உணவு உண்பதற்கு அதிகம் செலவாகுமா, பாக்கெட்டில் அடைத்து வரும் உணவுதான் மலிவா? மருத்துவமனைக்குச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கப் போகும் நம் தாய்மாரிடம், "கீரை சாப்பிடு, பழம் சாப்பிடு, மைதாவைத் தொடாதே" என்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்த அறிவுரைக்குள், ஏழைகளுக்கு எதைத் தின்பது என்று தெரியவில்லை என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம்.

அளவைப் பொறுத்தது விலை

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 10 நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மிக நல்ல உணவுமுறைக்கும் மிக மோசமான உணவுமுறைக்கும் இடையே ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை டாலர் வித்தியாசம் என்றது அது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. கலோரிக் கணக்கில் அளந்தால் காய்கறியும் பழமும் விலை கூடியவை. எடைக் கணக்கில் அளந்தால் அவையே மலிவானவை என்று அது சொன்னது. பொருள் ஒன்றுதான், கடை ஒன்றுதான். அளக்கும் கோல் மாறினால் விடையும் மாறுகிறது.

வசதியுள்ளவர் எடையைக் கணக்கிடலாம். பகல் முழுக்கக் கல்லும் மண்ணும் சுமப்பவர் கலோரியைத்தான் கணக்கிட வேண்டும். வயிறு நிறைய வேண்டும், மறுநாள் வேலைக்குப் போகத் தெம்பு வேண்டும். பத்து ரூபாய்க்கு எது அதிக நேரம் பசியைத் தாங்கும் என்று பார்ப்பவருக்குக் கீரைக்கட்டைவிடப் பரோட்டாதான் மலிவு. இது அறியாமை அல்ல, சரியான கணக்கு. இந்தக் கணக்கை நம் மேல் சுமத்தியவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

தர்ம பூமியின் நாழி

கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த திருவட்டாறு, ஆதிகேசவப் பெருமாள் கோவிலால் அறியப்பட்ட ஊர். முன்பு திருவிதாங்கூரில் இருந்த ஊர். அந்த அரசு தன்னைத் தர்ம பூமி என்று சொல்லிக்கொண்டது. பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் ஊட்டுப்புரைகளை அரசுச் செலவில் நடத்தியது. திருவனந்தபுரத்தில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடந்த முறஜபத்தில் வேதம் ஓதியவர்களுக்கு விருந்தும் தட்சிணையும் கொடுத்தது. லண்டன் மிஷன் ஊழியரான சாமுவேல் மேட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் தர்ம பூமி என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார். அதே நூலில்தான் புலையர், பறையர் முதலான அடிமைச் சாதியினரின் வாழ்வையும் அவர் பதிவு செய்தார்.

ஒருபுறம் உழைக்காதவர்களுக்கு அரசு செலவில் இலை நிறையச் சோறு. மறுபுறம் நெல்லை விளைவித்தவர்களுக்கு நாழிக் கணக்கில் கூலி. வேலை உள்ள நாளில் நெல், இல்லாத நாளில் பட்டினி. நாழியைப் பிடித்த கை நிலம் வைத்திருந்தவருடையது. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதும் அவர் விருப்பம். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் சட்டப்படி ஒழிந்தது. சட்டம் மனிதரை விடுவித்தது, நாழியைக் கைமாற்றவில்லை.

அந்த நாட்களில் நம் மூதாதையர் உண்ட காட்டுக்கிழங்கையும் வயல் நண்டையும் தோட்டுமீனையும் பறித்த கீரையையும் இன்று 'பாரம்பரிய உணவு' என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அவற்றில் சத்து இருந்தது உண்மை. ஆனால் அது விரும்பித் தேர்ந்த உணவு அல்ல. விளைவித்த நெல் மறுக்கப்பட்டதால் தேடிப் பொறுக்கிய உணவு. பசியின் வரலாற்றைப் பக்குவத்தின் வரலாறாக மாற்றி எழுத நாம் அனுமதிக்கக் கூடாது.

நாழியை அசைக்க முடியும் என்று காட்டியவர்களும் இந்த மண்ணில் உண்டு. அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சாமிதோப்பில் எல்லாச் சாதியினரும் நீர் எடுக்கும் கிணற்றையும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பந்தியையும் ஏற்படுத்தினார். அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த நிலவுடைமையாளர்களின் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் தலைமையில் உழவுத் தொழிலாளர்கள் நின்றார்கள். கூலி நெல்லையே இழந்து, பசியைத் தாங்கி நடத்திய போராட்டம் அது. உணவும் கல்வியும் ஒரே நாழியில் கட்டப்பட்டிருந்தன என்பதை அவர்கள் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

மரச்சீனியின் கதை

பேச்சிப்பாறை அணையின் வேலை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கோதையாற்று நீர் கால்வாய்களில் ஓடி நாஞ்சில் வயல்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் இருபோகம் விளைந்தன. வயல் யாருக்கோ அவருக்கே நெல். நம்மவர்களுக்கு வாய்த்தது விளைகளின் ஓரமும் பொற்றைச் சரிவும்தான். அங்கே விளைந்தது மரச்சீனி.

போர்த்துகீசியர் வழியாகப் பிரேசிலிலிருந்து வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பரப்பினார் என்று வரலாறு எழுதுகிறது. கம்பை நட்டால் போதும், எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு. வளமற்ற மண்ணும் போதும். மலிவான உணவு ஒன்றை அரசு கண்டுகொண்டதால் நிலத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு எழவில்லை என்பதையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.

1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அரிசி வரவில்லை. ரேஷன் வந்தது, பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுகளில் மக்களைப் பிழைக்க வைத்தது மரச்சீனிதான். நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். சரியாக வேகவைத்து நீரை வடிக்காவிட்டால் நஞ்சும் உண்டு. இந்தக் குறைகளை நம் தாய்மார் சமையலறையில் சரி செய்தார்கள். கிழங்கை வேகவைத்து வடித்தார்கள்; பக்கத்தில் சாளைமீன் கறி வைத்தார்கள். சாளையில் நூறு கிராமுக்குப் பதினெட்டு கிராம் அளவில் புரதம் உண்டு. மாட்டிறைச்சி கிடைத்த நாளில் அது சேர்ந்தது. காணத்தை அரைத்தோ முருங்கைக்கீரையைத் துவரன் வைத்தோ மீதியை நிரப்பினார்கள். குறைந்த காசில் நிறைந்த சத்து என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

அதே போர்க்காலத்தில், 1943ஐ ஒட்டி, சேலத்தில் இதே கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. கிழங்கை அரைத்து, மாவைப் பிரித்து, வெண்மையாக்கி, உருண்டையாக்கி, மூட்டை கட்டினார்கள். கிழங்காக இருந்தபோது ஏழையின் பசி தீர்க்கும் பண்டம். ஜவ்வரிசியானதும் விரத நாள் பாயசத்துக்கும் போனது. பொருளின் மதிப்பு அதிலிருக்கும் சத்தால் மட்டும் அமைவதில்லை, அதை யார் உண்கிறார் என்பதாலும் அமைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலிவை உருவாக்குவது யார்?

தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு நமக்குக் கிடைத்தவற்றையும் மறக்கக் கூடாது. காமராசரின் மதிய உணவும் 1982இன் சத்துணவும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் இருத்தின. சத்துணவில் முட்டை வந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. 2007இல் சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் வந்தன. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இவை பிச்சையல்ல. உழைத்தவரின் நாழியில் ஒரு பகுதி திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது: அரசு நினைத்தால் ஒரு பண்டத்தை மலிவாக்கலாம். ரேஷனில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிழிந்து கப்பலில் வரும் எண்ணெய் அது. தென்னை நிற்கும் நம் மாவட்டத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அதைப்போலப் பல மடங்கு விலை. ஒன்றுக்கு மானியம் உண்டு, மற்றதற்கு இல்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே கேழ்வரகு நகரத்து ஆர்கானிக் கடையில் அழகான பையில் அடைபட்டு என்ன விலைக்கு விற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

மலிவு இயற்கையாக அமைவதில்லை. அரிசிக்கும் கோதுமைக்கும் சர்க்கரைக்கும் அரை நூற்றாண்டாக அரசு துணை நின்றது. அந்த மலிவான மாவையும் எண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து நிறுவனங்கள் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஆக்கின. விலையை ஏற்றாமல் கிராமைக் குறைத்தன. இங்கேயும் நாழி வேறொருவர் கையில்தான். 2011 முதல் 2021 வரை இந்தியாவில் இத்தகைய உணவுகளின் விற்பனை மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 13 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததாக உலக சுகாதார அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2024 கணக்கின்படி, சத்தான உணவுக்குச் செலவழிக்க இயலாதவர்கள் இந்திய மக்களில் பாதிக்கும் மேல்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. 40 விழுக்காட்டினருக்கு உடல் எடை அதிகம் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது.

கணக்கில் வராத செலவு

உணவு வேளாண் அமைப்பின் கணக்கு கடையில் கொடுக்கும் விலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அடுப்புக்கான எரிபொருள், சமைக்கும் நேரம், இரண்டும் அதில் இல்லை. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியும் முன்பே தலையில் விளக்கோடு மரத்தடியில் நிற்க வேண்டும். முந்திரி ஆலைக்கு, நம் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீசுக்கு, போகும் பெண்கள் பகல் முழுக்கக் குத்துக்காலிட்டுப் பருப்பெடுத்துவிட்டு வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். உலகம் சத்தென்று கொண்டாடும் பருப்பைத் தோலுரித்துக் கொடுத்த கைகள், வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குகின்றன. காணத்தை ஊறவைத்து வேகவைக்கும் இரண்டு மணி நேரம் அவர்களிடம் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆலை கூலி கொடுப்பதும் இல்லை.

நிலத்தையும் கணக்கில் சேருங்கள். வீட்டுப் பின்புறம் ஒரு பலா, ஒரு முருங்கை, நாலு மூடு மரச்சீனி, ஒரு கொடி காச்சில் இருப்பவருக்கு நல்ல உணவு ஏறக்குறைய இலவசம். இரண்டு மூன்று சென்ட் பட்டாவில் சுவரோடு சுவராக வீடு கட்டிய நம்மவர்களுக்கு ஒரு சக்கை நிற்க இடமில்லை. மரச்சீனி நின்ற விளைகளில் இன்று ரப்பர் நிற்கிறது. 1936இல் கோவில் கதவு நமக்குத் திறந்தது. நில ஆவணம் அதே வேகத்தில் திறக்கவில்லை.

ஆகவே, நல்ல உணவு விலை கூடியதா என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: நிலமும் நேரமும் உள்ளவருக்கு அது மலிவு. இரண்டும் பறிக்கப்பட்டவருக்கு அது விலை கூடியது. அந்தப் பறிப்புக்கு வரலாறு உண்டு, சாதியும் உண்டு.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அருந்தும் உரிமைக்காக நின்றார். அதே மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள் என்றும் நம் மக்களிடம் சொன்னார். மற்றவர் கழித்துப் போட்டதை உண்ணும் நிலைக்கு எதிரான குரல் அது. இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் பாக்கெட்டையும் அந்தக் குரலின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ரேஷனில் பயறும் காணமும் முட்டையும் நம் மாவட்டத் தேங்காய் எண்ணெயும் கேட்போம். வீட்டுமனை கேட்கும்போது மரம் நிற்கும் அளவுக்குக் கேட்போம். கூலியோடு சேர்த்து வேலை நேரத்தையும் பேசுவோம். மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம்: உங்கள் பாட்டிமாரிடம் உட்கார்ந்து, எந்த ஆண்டில் என்ன சமைத்தார்கள், அன்று கூலி எவ்வளவு, யார் அளந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊட்டுப்புரையின் கணக்கை அரசு எழுதி வைத்தது. நம் அடுப்பின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.