முழங்காலுக்குள் ஒரு எலி

நாகூர் தர்கா பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க. கடைகள்ல மெல்லிசான தகடு விப்பாங்க: கை, கால், கண்ணு, வீடுன்னு அச்சடிச்சது. எந்த மதமா இருந்தாலும், எங்க வலியோ அந்த உருவத்தை வாங்கி நேர்ச்சையா செலுத்துவாங்க. கால் தகட்டுல முழுக்கால் இருக்கும். முட்டிக்குள்ள என்ன கோளாறுன்னு அதுல தெரியாது. அந்த உள்பக்கத்தை மனுஷன் எப்படிப் பாத்தான்ங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

1558, பிரான்ஸ். ஆம்புருவாஸ் பாரே என்ற சர்ஜன், ஒரு தையல்காரரோட வீங்கின முட்டியைத் திறக்கிறார். நீரோட சேர்ந்து பாதாம் அளவுல, வெள்ளையா, வழவழன்னு ஒரு 'கல்லு' வருது. இப்படி மூட்டுக்குள்ள கிடைக்கிறது பெரும்பாலும் கல்லே இல்ல. எலும்போ குருத்தெலும்போ பிஞ்சு வந்த துண்டு. குருத்தெலும்புக்கு மூட்டு நீர்லேருந்தே சத்து கிடைக்கும். அதனால பிஞ்ச துண்டு உள்ளேயே வளரவும் செய்யலாம். அங்கங்க ஓடி ஒளியும். நடுவுல சிக்கினா முட்டி டக்குனு லாக் ஆயிடும். அதனாலதான் டாக்டர்கள் இதுக்கு 'ஜாயின்ட் மவுஸ்', அதாவது மூட்டு எலின்னு பேர் வெச்சாங்க.

பெருசா அடிபடாமலே ஏன் பிய்யுது? 1887-ல ஜெர்மன் சர்ஜன் ஃபிரான்ஸ் கோனிக், அழற்சிதான் காரணம்னு நினைச்சு 'ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெகன்ஸ்'னு பேர் வெச்சார். 'ஐட்டிஸ்'னா அழற்சி. அப்புறம் சோதிச்சுப் பாத்தா அழற்சியைக் காணோம். பேர் மட்டும் இன்னும் மாறல. பழைய கோடுல தப்பான வேரியபிள் பேரை யாரும் தொடாம விடுற மாதிரிதான்!

1895-ல எக்ஸ்ரே வந்தது. எலும்பு தெரிஞ்சுது, குருத்தெலும்பு தெரியல. 1918-ல டோக்கியோவுல கெஞ்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பாக்குற கருவியை இறந்தவர் ஒருத்தரோட முட்டிக்குள்ள விட்டுப் பாத்தார். காசநோயால முட்டி விறைச்சா, தரையில மண்டி போட்டு உக்கார்ற ஜப்பான்காரங்களுக்கு அன்றாட வாழ்க்கையே சிக்கல். நாகூர்ல தொழுகைக்கு மண்டி போடுறவங்களுக்கும் அந்தக் கஷ்டம் புரியும். தகாகியோட மாணவர் மசாகி வதனபே அந்தக் கருவியை நல்லா மேம்படுத்தினார். அதுதான் இன்னிக்கு ஆர்த்ராஸ்கோபி. சின்னச் சின்னத் துளை வழியா எலியைப் பிடிச்சிடலாம்.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. முட்டி லாக் ஆனா இழுத்து உருவி விடாதீங்க. வளர்ற வயசுப் பசங்களுக்கு, துண்டு கழண்டு விழறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா, ஓய்வுலயே ஆற நல்ல வாய்ப்பு இருக்கு. தாமதமானா ஆபரேஷன் வரைக்கும் போகலாம். தகடு செலுத்துங்க, ஆர்த்தோ டாக்டரையும் பாருங்க.