கூட்டலாற் பிழைத்த கணக்கு

ஒரு பொருளை இருமுறை எண்ணினால் தொகை பிழைபடும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும், ஒருங்கே நிகழக்கூடிய நிகழ்ச்சிகளின் நிகழ்தகவைக் கணிக்கப் புகுந்த பேரறிஞரும் இப்பிழைக்கு உள்ளாயினர். அதனை நீக்குதற்குரிய பொதுமுறை தோன்றுவதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமாகிய கார்டானோ (1501-1576). சதுரங்கத்தில் நாற்பதாண்டுக்கு மேலும், சூதில் இருபத்தைந்தாண்டளவும் நாடோறும் ஈடுபட்டதாக அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் நாணத்துடன் ஒப்புக்கொள்கின்றார். அவ்வநுபவத்தின் பயனாகத் தாயவாட்டம் பற்றி இலத்தீன் மொழியில் நூலொன்று எழுதினார்.

தாயக்கட்டையொன்றை மும்முறை உருட்டினால், குறித்த ஒரு முகம் ஒருமுறையேனும் விழுவதற்குரிய நிகழ்தகவு யாது? ஓர் உருட்டலுக்கு 1/6. ஆகவே மூன்றுக்கு 3/6, அஃதாவது சரிபாதி என்றே கார்டானோ முதலிற் கருதினார். இஃது உண்மையாயின், ஆறுமுறை உருட்டும்போது அம்முகம் விழுந்தே தீரவேண்டும். தாயமாடிய எவரும் இதனை நம்பார். கார்டானோவும் நெடிது நம்பவில்லை. அந்நூலின் பிறிதோரிடத்தில், இரு கட்டைகளுக்குரிய 36 வகைகளுள் குறித்த முகம் தோன்றுவன 11 என்றும், மூன்று கட்டைகளுக்குரிய 216 வகைகளுள் 91 என்றும் செவ்வையாக எண்ணியுரைத்தார்.

பாதியாகிய 108 எவ்வாறு 91 ஆயிற்று என்பதை நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் அம்முகம் விழும் வகைகள் 36. மூன்றுக்கும் கூட்ட 108. ஆனால், இரு கட்டைகளில் அம்முகம் ஒருங்கே விழும் வகைகள் இத்தொகையில் மீண்டும் எண்ணப்பட்டுள்ளன. இணைக்கு 6 ஆக மூன்று இணைகளுக்கும் 18 ஐக் கழித்தால் எஞ்சுவது 90. இப்போது, மூன்றிலும் அம்முகமே விழும் ஒரு வகை மும்முறை சேர்க்கப்பட்டு மும்முறை கழிக்கப்பட்டுவிட்டது. அதனை மீளச் சேர்த்தால் 91. கார்டானோ விடையைக் கண்டாரேயன்றிக் கூட்டியும் கழித்தும் செல்லும் இம்முறையை விதியாக வகுத்தாரல்லர். தமது முதற் பிழையையும் அவர் அழிக்கவில்லை. இதனை நூலின் குறையெனக் கூறுவாருளர். ஓர் அறிஞர் தம்மைத் தாமே திருத்திக்கொண்டதை நேரிற் காட்டும் ஏடு என்ற வகையில் அஃது அரியதேயாகும். அந்நூல் அவர் இறந்து 87 ஆண்டுகள் கழிந்தபின், 1663 இல் அச்சேறியது.

அதற்குள் பிரான்சில் பாஸ்கலும் பேர்மாவும் 1654 இல் எழுதிக்கொண்ட கடிதங்களால் இக்கணிதம் புத்துயிர் பெற்றுவிட்டது. நான்கு உருட்டலில் ஆறு விழுவதற்குரிய வாய்ப்பு 671 க்கு 625 எனப் பாஸ்கல் குறித்தார். ஆறு ஒருமுறையும் விழாத வகைகள் 5 ஐ நான்குமுறை பெருக்க வரும் 625. மொத்தமாகிய 1296 இல் அதனைக் கழிக்க 671 கிடைக்கும். நிகழாமையை எண்ணிக் கழிக்கும் இவ்வழி மிக எளிது. எனினும், நிகழ்ச்சிகள் ஒன்றன்மேலொன்று படியும் இடத்தை இது நேரே எதிர்கொள்ளாது சுற்றிச் செல்கின்றது.

அவ்வாறு சுற்றிச் செல்ல இயலாத வினாவை மொன்மோர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1708 இல் வெளியிட்டார். ஒன்று முதல் பதின்மூன்று வரை இலக்கமிட்ட சீட்டுக்களைக் கலைத்து, ஒன்று, இரண்டு என வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும். சொன்ன இலக்கமும் சீட்டும் ஒருமுறையேனும் பொருந்துவதற்குரிய நிகழ்தகவு யாது? ஒருமுறை வந்த சீட்டு மீண்டும் வாராதாகையால், தாயக்கட்டைக்குச் செய்ததுபோல நிகழாமைகளைப் பெருக்கிவிட முடியாது. கார்டானோவின் பழைய வழியிற் கூட்டினாலோ, 1/13 பதின்மூன்று முறை சேர்ந்து 1 ஆகும். ஆடுபவர் தோற்பதேயில்லை என்றாகிவிடும்! மொன்மோர் விடையை அறிந்திருந்தும் அந்நூலில் நிறுவலைத் தரவில்லை. 1713 இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிக்கொலாஸ் பேர்னூலியின் நிறுவல்கள் இடம்பெற்றன.

கூட்டலையும் கழித்தலையும் மாறிமாறிச் செய்யும் பொதுமுறையை 1718 இல் ஆங்கில நூலொன்றில் விளக்கியவர் த மோய்வர். புரட்டஸ்தாந்தர் என்பதனாற் பிரான்சை நீங்கி இலண்டனில் வாழ்ந்த இவருக்குப் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வாய்க்கவில்லை. வீடுவீடாகச் சென்று கணிதம் கற்பித்தே வாழ்ந்தார். நியூட்டனின் நூலைத் தாள்தாளாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்து, வழியிடையே பயின்றார் என்பர்.

அவர் முறைப்படி விடை 1 இலிருந்து 1/2 ஐக் கழித்து, 1/6 ஐக் கூட்டி, 1/24 ஐக் கழித்து, இவ்வாறே பதின்மூன்று உறுப்புக்கள் வரை செல்லும். முடிவு ஏறத்தாழ 0.632. சீட்டுக்கள் ஆயிரமாயினும் இவ்வெண்ணின் முதல் மூன்று இலக்கங்களும் மாறா.