வேட்டை இரம்பம்

வேட்டை இரம்பம் என்பது வேட்டையாடப்பட்ட பெரிய விலங்கின் உடலை, அது விழுந்த இடத்திலேயே பகுப்பதற்குப் பயன்படும் சிறிய கையிரம்பம் ஆகும். இது எலும்பு இரம்பம் எனவும் அழைக்கப்படுகிறது. வட அமெரிக்காவில் மூஸ், எல்க், கரிபூ ஆகிய பெரிய மானினங்களை வேட்டையாடுவோர் கத்தியுடன் இதனையும் எடுத்துச் செல்வதுண்டு.

தேவை

முதிர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோகிராம் எடை கொண்டது. ஆண் மூஸ் 450 கிலோகிராமையும் தாண்டக்கூடும். வாகனம் செல்ல இயலாத மலைக்காடுகளில் இவற்றைத் துண்டுகளாக்கியே சுமந்து வர வேண்டும். மேலும், பெரிய உடல் மெதுவாகவே குளிர்கிறது. வெப்பம் வெளியேறத் தாமதமானால் தொடையெலும்பை ஒட்டிய இறைச்சி கெட்டுவிடும். எனவே குடல் முதலிய உள்ளுறுப்புகளை நீக்கி, உடலை விரைவாகத் திறப்பது இன்றியமையாதது.

அறுக்கப்படும் பகுதிகள்

பெரும்பாலான வேலைக்குக் கத்தியே போதுமானது. முன்னங்காலின் தோள்பட்டை எலும்பு உடலுடன் தசையால் மட்டுமே இணைந்துள்ளது. பின்னங்காலை இடுப்பு மூட்டில் கத்தியால் பிரிக்கலாம். இரம்பம் தேவைப்படும் இடங்கள் சிலவே:

* மார்பெலும்பு - நெஞ்சறையைத் திறந்து குளிர்விக்க
* இடுப்பெலும்பின் நடு இணைப்பு - மலக்குடலை எளிதில் அகற்ற
* விலா எலும்புகள் - எலும்புடன் எடுத்துச் செல்லும்போது
* மண்டையோட்டின் மேற்பகுதி - கொம்புகளைப் பிரித்தெடுக்க

அலாஸ்காவின் சில வேட்டைப் பகுதிகளில், கால்களின் இறைச்சியை எலும்புடனேயே வெளியே கொண்டுவர வேண்டும் என்பது சட்டமாகும். எலும்பை நீக்கிவிட்டுச் சுமையைக் குறைக்கும் முறை அங்கு பொருந்தாது.

வகைகள்

மடக்கு இரம்பம்: அலகு கைப்பிடிக்குள் மடங்கும். எடை குறைவு. இடுப்பெலும்பு, கொம்பு ஆகியவற்றை அறுக்கப் போதுமானது.

சட்ட இரம்பம்: கழற்றி மாட்டக்கூடிய உலோகச் சட்டத்தில் நீண்ட அலகு இழுத்துப் பொருத்தப்படும். மரத்துக்கும் எலும்புக்கும் வெவ்வேறு அலகுகளை மாற்றிக்கொள்ளலாம். மூஸ் போன்ற விலங்குகளுக்கு ஏற்றது.

கம்பி இரம்பம்: மிகவும் இலேசானது, ஆனால் வேலை மெதுவாகவே நடக்கும். இதன் முன்னோடி, இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்தோ ஜிக்லி 1894இல் அறிமுகப்படுத்திய அறுவை மருத்துவக் கம்பி இரம்பம் ஆகும்.

மின்கல இரம்பம்: முகாமில் பயன்படும். நெடுந்தூரம் சுமப்பதற்கு உகந்ததன்று.

தேர்வு

எலும்புக்கு ஓர் அங்குலத்துக்குச் சுமார் 10 பற்கள் கொண்ட அலகு பொருத்தமானது. மரம் அறுக்கும் பெரிய பற்கள் எலும்பில் சிக்கித் துள்ளும். மிக நுண்ணிய பற்களின் இடுக்குகளைக் கொழுப்பும் எலும்புத் தூளும் அடைத்துவிடும். இடுப்பெலும்பை அறுக்கையில் கூரிய முனை சிறுநீர்ப்பையையோ குடலையோ கிழித்தால் இறைச்சி மாசுபடும். ஆதலால் மழுங்கிய முனையே பாதுகாப்பானது. துருப்பிடிக்காத எஃகு அலகும், ஈரத்தில் வழுக்காத பிடியும் விரும்பத்தக்கவை.

நோய்ப் பரவலும் தூய்மையும்

மானினங்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணமான பிரியான்கள் என்னும் திரிந்த புரதங்கள் மூளை, முதுகுத்தண்டு, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் மிகுந்து காணப்படுகின்றன. சமைப்பதால் இவை அழிவதில்லை. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக உறுதிப்படுத்தப்படவில்லை. எனினும், நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது.

முதுகெலும்பை நெடுக அறுத்தால் முதுகுத்தண்டின் துகள்கள் இறைச்சியில் படியும். ஆகவே நோயுள்ள பகுதிகளில் முதுகெலும்பை அறுப்பதைத் தவிர்க்க வேண்டும். கொம்புகளை எடுக்கத் தனி இரம்பம் ஒன்றை ஒதுக்க வேண்டும். அதனை இறைச்சி வேலைக்குப் பயன்படுத்தலாகாது.

40 விழுக்காடு வீட்டு வெளுப்பு நீர்மம் கலந்த கரைசலில் 5 நிமிடம் ஊறவைத்தால், எஃகுப் பரப்பிலுள்ள பிரியான்கள் செயலிழக்கும் என 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் திசுத் துணுக்குகளின் உட்புறத்தை அக்கரைசல் ஊடுருவவில்லை. எனவே பற்களின் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே அலகை ஊறவைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* இரம்பம்
* மூஸ்
* பிரியான்