காகிதப்பூ தொட்டிக்கு வந்த கதை

காகிதப்பூ என்று பெயர் வைத்தவர் யாரோ, அதைக் கசக்கிப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். விரல் பட்டால் மெல்லிய தாள் போலச் சரசரக்கும். வாசம் கிடையாது. சரத்தில் ஏறாது, கூந்தலுக்கும் வராது. ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடியின் மற்ற தொட்டிகளெல்லாம் தலை தொங்கிக் கிடக்கும்போது, இது மட்டும் இலை தெரியாமல் பூத்து நிற்கும். எனக்கு இதன் மேல் பிடிப்பு வந்தது அப்படி ஒரு கோடையில்தான்.

நாம் பார்க்கும் அந்த நிறம் உண்மையில் பூவினுடையதே அல்ல. பூவடிச் செதில் என்கிற இலைதான் அப்படிச் சிவந்திருக்கிறது. மூன்று செதில்கள் கூடும் இடத்தில், செதிலுக்கு ஒன்றாக, சின்னக் குழல் போல வெளிர் நிறத்தில் இருக்கிறதே, அதுதான் பூ. குனிந்து பார்க்காதவர் கண்ணில் அது படுவதில்லை.

இதன் பிறந்த வீடு தென் அமெரிக்கா. உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல்களில் ஒன்றான எத்துவால், 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நங்கூரமிட்டது. பயணத்தின் தலைவர் லூயி அந்த்வான் தெ பூகன்வில். எத்துவாலில் இருந்த தாவரவியலாளர் பிலிபேர் கொமர்சோன். அவருக்குக் காலில் ஆறாத புண். மூட்டை முடிச்சு சுமப்பதும், செடி பறித்துத் தாளில் அழுத்திப் பத்திரப்படுத்துவதும் உதவியாளரின் வேலை. அந்த உதவியாளர் ஆண் உடையில் இருந்த ஒரு பெண்: ழான் பரே. பர்கண்டிப் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளை. கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்று சட்டம் இருந்ததால் அந்த வேடம்.

ரியோவில் காகிதப்பூக் கிளையை ஒடித்தது ழானின் கைதான் என்று நினைப்பவர்களில் நானும் ஒருத்தி. புண்ணாகிப்போன காலோடு புதருக்குள் யார் நுழைந்திருப்பார்கள்? போதாததற்கு முள்ளுள்ள கொடி வேறு. கொமர்சோன் அதற்குத் தலைவரின் பெயரைச் சூட்டினார். கொமர்சோன் 1773-இல் மொரீஷியசில் இறந்துபோனார். பெயர் அச்சேறியது 1789-இல், ழுஸ்ஸியே என்ற தாவரவியலாளரின் நூலில். அப்படித்தான் அது பூகன்வில்லா ஆனது.

ழானின் வேடம் 1768-இல், பசிபிக்கில் போகும்போதே கலைந்துவிட்டது. பிறகு ஊர் திரும்பிய அவர், உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுகிறார். 1785-இல் பிரெஞ்சு அரசு ஆண்டுக்கு 200 லீவர் ஓய்வூதியம் கொடுத்தது. அவர் பெயரில் ஒரு செடி வர 2012 வரை ஆனது. அதுவும் நம் கத்தரி, தக்காளியின் பேரினத்தில், ஈக்வடார், பெரு மலைப்பகுதியில் வளரும் ஒன்று. அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்தது. கூடவே, இவ்வளவு தாமதமா என்ற கோபமும் வந்தது.

பாரிசுக்குப் போனது உலர்ந்த கிளை. உயிருள்ள செடி ஊர் ஊராகப் பரவியது அடுத்த நூற்றாண்டில், பெரும்பாலும் நறுக்கிய குச்சிகளாக. 1910-இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் இருந்த கருஞ்சிவப்புச் செடியைத் திருமதி பட் என்பவர் டிரினிடாடுக்குக் கொண்டுபோனார். அது இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது, விதை பிடிக்காதது. அதனால் அந்த ரகம் உலகில் எங்கே இருந்தாலும், அந்த ஒற்றைச் செடியின் கிளைக்குக் கிளைதான். சில சமயம் ஒரு கிளை தானாகவே நிறம் மாறிப் பூக்கும். அதை நறுக்கி நட்டால் புது ரகம். ஒரே செடியில் வெள்ளையும் ரோஜா நிறமும் பூக்கிற மேரி பால்மர் கல்கத்தாவில் கிடைத்தது அப்படித்தான்.

காட்டில் இது முள்ளைக் கொக்கியாகப் போட்டு மரமேறி வெயிலைத் தேடும் கொடி. தரையில் நட்டு நிறையத் தண்ணீர் விட்டால் அந்த நினைப்பிலேயே கூரை வரை ஓடும், இலையாகவே ஓடும். தொட்டியில் வேருக்கு இடம் முடிந்தபின்தான் பூக்க வருகிறது. ஆகவே பெரிய தொட்டி வாங்க அவசரப்படாதீர்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம், அடியில் நல்ல ஓட்டை, நாள் முழுக்க வெயில், இவை போதும். மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது, ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றுங்கள், மறுபடி காயட்டும். ஐப்பசி மழையில் வெறும் இலையாக நின்றால் கவலை வேண்டாம், தை பிறந்ததும் நிறம் வரும். பூவெல்லாம் புதுத் துளிரில்தான் வருவதால் ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் கவாத்து அவசியம். தொட்டி மாற்றும்போது மட்டும் மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு முரட்டுச் செடிக்கு வேர் அத்தனை நொய்மை.

கவாத்தில் விழுந்த குச்சிகளை எறியவேண்டாம். பென்சில் பருமனில் அரை அடிக்கு நறுக்கி, ஈரமணலில் நிழலில் ஊன்றலாம். இரண்டு வாரத்தில் துளிர் எட்டிப் பார்க்கும். அது குச்சியில் இருந்த சேமிப்பில் வந்த துளிர். வேர் இன்னும் விட்டிருக்காது. ஆசையில் இழுத்துப் பார்த்து நான் கெடுத்த குச்சிகள் பல. இப்போது ஒன்றரை மாதம் தொடுவதில்லை.