இருமடங்கா, நான்கு மடங்கா?

பௌதிகம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் உயர்நிலைப் பள்ளியிலேயே இரண்டு வாய்பாடுகளைச் சந்திக்கின்றனர். ஒன்று உந்தம்; அது நிறையை வேகத்தாற் பெருக்கி வருவது. மற்றொன்று இயக்க ஆற்றல். அது நிறையை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி, அதிற் பாதியைக் கொள்வது. இரண்டும் ஓடும் பொருளைப் பற்றியவை. இரண்டும் அதே நிறையையும் அதே வேகத்தையும் கொண்டு அமைந்தவை. அங்ஙனமிருக்க, ஒரே ஓட்டத்துக்கு இரண்டு அளவைகள் எதற்கு? என் ஆசிரிய வாழ்வில் இவ்வினாவை எழுப்பிய மாணவர் மிகச் சிலர். எழுப்பிய ஒவ்வொருவரையும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏனெனில், ஐரோப்பாவின் பேரறிஞர்களை அரை நூற்றாண்டுக்கு மேல் இரு கட்சிகளாகப் பிரித்து வைத்த ஒரு வழக்கில் அவர்கள் தம்மையறியாமலே காலடி வைத்துவிட்டனர். அவ்வழக்கின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட் 1644-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு பெருங் கொள்கையை நாட்டினார். இறைவன் உலகைப் படைத்தபோது அதனுள் ஒரு குறித்த அளவு இயக்கத்தை வைத்தான். அது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமேயன்றி, மொத்தத்தில் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது அவர் கருத்து. அவ்வியக்கத்தின் அளவு யாது? பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவதே என்றார். திசையை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. உலகில் ஏதோ ஒன்று அழியாமல் நிலைத்திருக்கிறது என்னும் எண்ணம் மிக உயர்ந்தது. அந்த ஒன்று எது என்பதிலேதான் சிக்கல் தோன்றியது.

ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1686-இல், டேக்கார்ட் செய்த பெரும்பிழை ஒன்றை மெய்ப்பிப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டு, ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையின் வாதத்தை நம் ஊர் வழக்கில் வைத்துப் பார்ப்போம். நெல் மூட்டை ஒன்றை நான்கு மாடி உயரத்துக்குச் சுமந்து ஏற்றுவதும், நான்கு மூட்டைகளை ஒரு மாடி உயரத்துக்கு ஏற்றுவதும் ஒரே அளவு வேலை. கூலி கொடுப்பவரும் ஒப்புவார், பெறுபவரும் ஒப்புவார். இனி அவற்றைக் கீழே விழச் செய்வோம். நான்கு பங்கு உயரத்திலிருந்து விழும் பொருள், ஒரு பங்கு உயரத்திலிருந்து விழும் பொருளைப்போல் நான்கு மடங்கு வேகம் பெறுவதில்லை. இருமடங்கு வேகமே பெறுகிறது. இது கலிலியோ கண்ட விதி. ஆகவே டேக்கார்ட்டின் கணக்கில், நான்காம் மாடியிலிருந்து வந்த ஒரு மூட்டையின் இயக்கம் ஒன்று பெருக்கல் இரண்டு, அதாவது 2. முதல் மாடியிலிருந்து வந்த நான்கு மூட்டைகளின் இயக்கம் நான்கு பெருக்கல் ஒன்று, அதாவது 4. ஏற்றுவதற்குச் சமமான வேலை செய்தோம். இறங்கி வந்தபோது சமமற்ற இயக்கம் கிடைத்தது! வேகத்தின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட்டால் இரண்டுமே 4 ஆகின்றன. எனவே ஓடும் பொருளின் விசையை வேகத்தின் வர்க்கத்தாலேயே அளக்க வேண்டும் என்றார் லைப்னிட்ஸ். அதற்கு 'விஸ் வீவா', அதாவது 'உயிருள்ள விசை' என்று பெயரும் சூட்டினார்.

இக்காலத்து மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நாம் விசை, உந்தம், வேலை, ஆற்றல் என்று நான்கு சொற்களால் பிரித்துரைப்பதை, அக்காலத்தவர் பெரும்பாலும் 'விசை' என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். வழக்கு நீண்டதற்குப் பாதிக் காரணம் இதுவே.

மறு பாதிக் காரணம் மனிதர் இயல்பு. நுண்கணிதத்தை முதலிற் கண்டவர் நியூட்டனா, லைப்னிட்ஸா என்னும் கசப்பான போட்டி அப்போது மூண்டிருந்தது. ஆங்கிலேயர் நியூட்டன் பக்கம் நின்றனர். ஆதலால் உயிருள்ள விசையையும் எதிர்த்தனர். சமமான இரு களிமண் உருண்டைகள் எதிரெதிரே வந்து மோதி ஒட்டிக்கொண்டால் இயக்கம் முழுதும் நின்றுவிடுகிறதே, அப்போது லைப்னிட்ஸின் அழியாத விசை எங்கே போயிற்று என்பது அவர்கள் கேள்வி. லைப்னிட்ஸ் விடையளித்தார்: அது அழியவில்லை, பொருளின் நுண்ணிய துகள்களுக்குள் சிதறிவிட்டது, பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றியது போன்றது அது. இது வெறும் ஊகம் என்று அன்று தள்ளினர். அச்சில்லறை வெப்பமே என்பது 1840-களில் ஜூல் செய்த சோதனைகளால் நிறுவப்பட்டது.

இவ்வளவு வாதித்தவர்களுள் ஒரு பொருளைக் கீழே போட்டுப் பார்த்தவர் சிலரே. அவர்களுள் ஒருவர் ஹாலந்து நாட்டு லேய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே. அவர் நியூட்டனிடம் பெரும் பற்றுடையவர். ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் உடைய பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்து, உண்டான குழிகளை அளந்தார். எடை எத்தனை மடங்கோ அத்தனை பங்காக உயரத்தைக் குறைத்தால் குழிகள் ஒத்திருந்தன. உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆதலின் களிமண் லைப்னிட்ஸ் பக்கமே சாட்சி கூறிற்று. ஸ்கிராவசாண்டே தம் முந்தைய கொள்கையைக் கைவிட்டு, 1722-இல் தாம் கண்டதை வெளியிட்டார். நியூட்டனின் அன்பர்கள் சிலர் அவரை மன்னிக்கவில்லை.

இனி இவ்வரலாற்றின் மையத்தில் நிற்கும் அம்மையாரிடம் வருகிறேன். எமிலி து ஷாத்லே 1706-இல் பாரிசில் உயர்குடியிற் பிறந்தவர். வோல்தேரின் நெருங்கிய தோழி என்று மட்டுமே பலர் அவரை அறிவர். அது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் தீயின் இயல்பைப் பற்றி ஒரு பரிசுப் போட்டி அறிவித்தபோது, அதே போட்டிக்கு எழுதிக்கொண்டிருந்த வோல்தேருக்கும் தெரியாமல், இரவுகளில் விழித்திருந்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கழகம் அதனை அச்சிட்டது. அக்கட்டுரையில், வேகத்தின் வர்க்கக் கணக்கை மறுத்த மேரான் என்னும் அறிஞரை அவர் புகழ்ந்திருந்தார். பின்பு லைப்னிட்ஸின் வாதத்தை ஆழ்ந்து ஆராய்ந்து, கருத்தை மாற்றிக்கொண்டார். 1740-இல் தம் மகனுக்குப் பாடமாக எழுதிய பௌதிக நூலின் இறுதி அதிகாரத்தில் உயிருள்ள விசையை ஆதரித்து, மேரானைப் பெயர் சொல்லி மறுத்தார்.

களிமண்ணிற் குண்டுகளைப் போட்டவர் இந்த அம்மையாரே என்று சில நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று, அச்சோதனை ஸ்கிராவசாண்டேயினுடையது, அம்மையார் அதனைச் சான்றாகக் காட்டினார். அவருடைய பெருமைக்கு இரவற் புகழ் தேவையில்லை.

அவர் எடுத்தாண்ட மற்றொரு சான்று ஹெர்மன் என்னும் கணித அறிஞருடையது. மாணவர்கள் தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கத் தக்கது. மீள்தன்மையுள்ள ஒரு பந்து. அதன் நிறை 1, வேகம் 2. அது நிலையாக நிற்கும் நிறை 3 உடைய பந்தை மோதுகிறது. பெரிய பந்து வேகம் 1 பெற்று முன்னே செல்கிறது. சிறிய பந்து வேகம் 1 உடன் பின்னே திரும்புகிறது. திரும்பி வரும் வழியில் அது நிறை 1 உடைய வேறொரு பந்தை மோதித் தன் வேகம் முழுவதையும் அதற்கு அளித்து நின்றுவிடுகிறது. கணக்கைக் கூட்டுங்கள். வேகம் 2 உடைய ஒரு நிறை, நான்கு நிறைகளுக்குத் தலைக்கு வேகம் 1 வழங்கிவிட்டது! வர்க்கக் கணக்கில் தொடக்கமும் 4, முடிவும் 4. டேக்கார்ட்டின் கணக்கிலோ 2-இலிருந்து 4 முளைக்கிறது. ஆனால் திசையையும் சேர்த்து, பின்னே செல்வதைக் கழித்துப் பார்த்தால் 3-இல் 1 போக 2 என்று உந்தமும் மாறாமல் நிற்கிறது. இரண்டு அளவைகளுமே நிலைத்திருக்கின்றன. இதை அன்று இரு கட்சியாரும் அமைதியாக நோக்கியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. மேரான் அப்போது விஞ்ஞானக் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் பதவிக்கு வந்திருந்தார்; வயது அறுபதைக் கடந்தவர். 1741-இல் அவர் அம்மையாருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தம் கட்டுரையை மீண்டும் நன்றாகப் படிக்குமாறு அறிவுரை கூறினார். முப்பத்து நான்கு வயதான அம்மையார் சில வாரங்களுக்குள் அச்சில் மறுமொழி தந்தார். மரியாதை குறையாத நடை. வாதத்தில் வரிக்கு வரி விடை. அவர் வீட்டிலேயே வாழ்ந்த வோல்தேர் அதே ஆண்டில் எதிர்க்கட்சிக்கு ஆதரவாகக் கழகத்துக்கு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மையாரோ அக்கழகத்தில் உறுப்பினராக அமர இயலாதவர். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் ஒரு பெண்மணியை முழு உறுப்பினராகத் தேர்ந்தது 1979-ஆம் ஆண்டிலேதான்.

வழக்கின் முடிச்சு எங்கே இருந்தது? ஒரு பேருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்கிறது. மற்றொன்று, அதே எடையுள்ளது, 60 கிலோமீட்டரில் செல்கிறது. இரண்டிலும் ஓட்டுநர் ஒரே அளவு அழுத்தத்துடன் பிரேக்கை அமுக்குகின்றனர். எத்தனை விநாடியில் நின்றது என்று கேட்டால், இரண்டாவதற்கு இருமடங்கு நேரம். எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டால், நான்கு மடங்கு தூரம். மேரான் பக்கத்தார் கையிற் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்தனர்; லைப்னிட்ஸ் பக்கத்தார் அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்தனர். விசையை நேரத்தாற் பெருக்கினால் உந்தத்தின் மாற்றம். விசையைத் தூரத்தாற் பெருக்கினால் ஆற்றலின் மாற்றம். 1743-இல் தாலம்பேர், இது பெரிதும் சொற்போரே என்று எழுதினார். ஆயினும் அத்தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்பது என் எண்ணம். சொற்கள் பிரிவதற்கு முன், பொருள்கள் இரண்டு என்பதை யாரேனும் வற்புறுத்தியாக வேண்டுமல்லவா?

எமிலி அம்மையார் தம் இறுதி ஆண்டுகளை நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பிரெஞ்சில் பெயர்த்து விரிவுரை எழுதுவதிற் செலவிட்டார். லைப்னிட்ஸின் கொள்கைக்காக வாதாடியவர் நியூட்டனின் நூலுக்காக உழைத்தார்; கட்சிப் பற்றுக்கு அவர் மனத்தில் இடமிருக்கவில்லை. கருவுற்றிருந்த நிலையில், பேறுகாலத்துக்குப் பின் தாம் உயிர் வாழ்வது ஐயமே என்றஞ்சி, நாளெல்லாம் எழுதினார். 1749 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பெண் மகவை ஈன்று, 10-ஆம் தேதி மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. முழு நூலும் 1759-இல் வெளிவந்தது.

'ஆற்றல்' என நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான 'எனர்ஜி' என்பதை, நிறையும் வேகத்தின் வர்க்கமும் பெருகிய அளவுக்குப் பெயராக்கியவர் தாமஸ் யங், அது 1807-இல். 'வேலை' என்னும் சொல்லுக்குத் திட்டமான பொருள் தந்தவர் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் கொரியோலிஸ், அது 1829-இல். அந்தப் 'பாதி'யைச் சேர்த்தவரும் அவரே. ஒரு கிலோகிராம் எடையுள்ள கல்லை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்தால், அது ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் செல்லும். அதன் எடையாகிய ஏறத்தாழ 10 நியூட்டனை 5 மீட்டரால் பெருக்கினால் 50 ஜூல். வேகத்தின் வர்க்கமோ 100. செய்த வேலையும் கல்லின் ஆற்றலும் ஒத்து நிற்கும்பொருட்டு, அந்த நூற்றைக் கொரியோலிஸ் பாதியாக்கினார்.